மாரண்டஹள்ளியிலிருந்து வந்த புகார்

பின்னூட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேச எழுந்தபோது மேலாளர் பக்கத்தில் வந்து, "நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம், எல்லாம் புதுப் பசங்க" என்றார். சால்வை போட்டிருந்தார்கள். கேக் வெட்டியாகிவிட்டது. நான் எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அடக்கமான மனுஷி என்று நினைத்திருப்பீர்கள். அடக்கமெல்லாம் இல்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயந்துதான் உட்கார்ந்தேன்.

நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில் நான் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் திரையில் ஒவ்வொரு புகாருக்கும் கீழே சில பட்டன்கள் இருக்கும். சரிசெய்யப்பட்டது, அடுத்த பதிப்பில் வரும், கருவியின் வயதால் வந்த கோளாறு, பயனர் தவறு. மற்றவற்றை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும், யாராவது கேள்வி கேட்பார்கள். கடைசியை அழுத்தினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். புகார் திரையிலிருந்து மறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் புகார் எங்கே போகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரே ஒரு புகார் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

நம் கம்பெனியில் என்ன செய்கிறீர்கள் என்று வீட்டில் கேட்டால் நீங்கள் திணறுவீர்கள். நானும் திணறியிருக்கிறேன். இசைக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய காலத்துச் சிந்தசைசர்களுக்கு, அதாவது கீபோர்டு மாதிரி வாசிக்கும் மின் இசைக் கருவிகளுக்கு, நாம் புது மூளை செய்து விற்கிறோம். அந்தக் கருவிகளில் ஒலியை உண்டாக்குவது உள்ளே இருக்கும் சர்க்யூட்டுகளில் ஓடும் மின்சாரம்தான். அந்த ஒலிக்கு ஒரு கனம் உண்டு, அது இன்றைய கருவிகளில் வராது என்று உலகம் முழுவதும் ஆட்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். எந்தக் குமிழைத் திருகினால் என்ன நடக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பழைய சிப்புகள் செத்துப்போயிருக்கும். அந்த இடத்தில் பொருத்தும் பலகை நம்முடையது. அதற்குள் ஓடும் மென்பொருளும் நம்முடையது, ஃபர்ம்வேர் என்கிறோம். அதை அவ்வப்போது மேம்படுத்தி வெளியிடுகிறோம். அதைப் பற்றி வாசிப்பவர்கள் சொல்வதைக் கேட்டு வாங்குவதுதான் உங்கள் வேலை.

வாடிக்கையாளர் என்றால் ஜெர்மனிக்காரரும் ஜப்பான்காரரும்தான் நம் ஆட்களின் மனதில் வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டு அறையில் வைத்து வாசிப்பவர்கள். இந்தக் கருவிகள் நம் தர்மபுரி மாவட்டத்திலும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூர் ஸ்டுடியோக்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது பழையதையெல்லாம் கழித்துக்கட்டின. அவற்றில் சில ஓசூர் வழியாக இந்தப் பக்கத்து இன்னிசைக் குழுக்களுக்கு வந்து சேர்ந்தன. திருவிழாக் கச்சேரிகளில் இன்றும் ஓடுகின்றன.

அப்படி ஒன்று மாரண்டஹள்ளி கோமதியிடம் இருந்தது. நாற்பதை ஒட்டிய வயது. பகலில் காய்கறி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை. கச்சேரி உள்ள நாட்களில் பாலக்கோடு முனிரத்தினம் நடத்திய இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். இந்தப் பக்கத்துக் குழுக்களில் பெண்கள் பாடுவார்கள். கருவி வாசிக்கும் பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அந்த இடத்தைப் பிடிக்க அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு புதிய பதிப்பு வெளியிட்டோம். பழைய கருவிகளுக்குப் பெரிய தொல்லை சுருதி விலகுவது. வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு பட்டனை அழுத்திச் சுருதி சேர்க்க வேண்டும், நடுவில் விலகினால் மறுபடி அழுத்த வேண்டும். புதிய பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை. வாசிப்பவர் சில விநாடி கையை எடுத்தால் போதும், அந்த மௌனத்தில் கருவி தானே தன்னைச் சோதித்துச் சுருதி சேர்த்துக்கொள்ளும். இதை எழுதியவர் ஹரீஷ் என்ற இளைஞர். கெட்டிக்காரர். பாராட்டு கொட்டியது. ஒருவர் தன் கருவி மறுபிறவி எடுத்துவிட்டது என்று எழுதினார். மேலாளர் அவற்றையெல்லாம் அச்செடுத்து வரவேற்பறைச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலக வாட்ஸப்பில் கோமதியின் குரல் பதிவு ஒன்று வந்தது.

"என்னாத்தைங்க போட்டு குடுத்தீங்க? கைய எடுத்துட்டு மறுபடி வெச்சா நாய் ஊளையிடற மாதிரி கத்துது. வூட்டுல ஒழுங்கா இருக்குது. கச்சேரியில மானத்த வாங்குது. பழசையே திருப்பிப் போட்டுக் குடுங்க. இல்ல, வந்து என்னான்னு பாருங்க."

குரல் பதிவு புகார் ஆகாது என்பது அப்போதைய விதி. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பினால்தான் புகார். நான் அவர் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதிப் பதிந்தேன், நாய் ஊளையிடுவது உட்பட. மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இதென்ன மேடம், நாய், மானம்னு. இதெல்லாம் எடுத்துட்டு நாகரிகமா எழுதுங்க" என்றார். நான் எடுக்கவில்லை. எப்போது, எங்கே, எப்படி ஊளையிட்டது என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள்தான் இருந்தது. நீங்களும் எடுக்காதீர்கள். கோபமாகப் பேசுகிறவரின் கோபத்தை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பதிந்தால், பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

சோதனை அறையில் அதே மாதிரிக் கருவியை வைத்து வாசித்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட ஊளையிடவில்லை. மேலாளர் 'பயனர் தவறு' பட்டனை அழுத்தினார். நான் அப்போது பக்கத்து மேசையில் இருந்தேன். "இன்னும் ஒரு தடவை அவங்ககிட்ட கேக்கலாமே சார்" என்றேன். "எத்தனை தடவை மேடம்? நமக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

பட்டனை அழுத்தியதும் இயந்திரம் தானாக ஒரு பதில் அனுப்பும். 'பரிசோதித்துப் பார்த்ததில் மென்பொருளில் குறை எதுவும் இல்லை. பயன்படுத்திய முறையில் தவறு நேர்ந்துள்ளது.' அச்சடித்த மாதிரி அழகான ஆங்கிலம். கோமதிக்கு மின்னஞ்சல் கிடையாது. பலகை வாங்கியபோது பதிவுக்குக் கொடுத்திருந்தது குழுவின் மின்னஞ்சல். ஆகவே அந்தப் பதில் நேராக முனிரத்தினத்துக்குப் போனது.

அடுத்த வாரம் வரவேற்பறையில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். மண்டியிலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்க வேண்டும்; சேலை ஓரத்தில் தக்காளிக் கறை. வரவேற்பில் இருந்த பெண் திரும்பத் திரும்ப, "மெயில் போடுங்கம்மா, மெயில் போடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மெயில் போட்டதாலதாம்மா வந்திருக்கறேன்" என்றார் அவர். "நான் தப்பு பண்ணேன்னு எழுதுனது யாருன்னு மட்டும் காட்டுங்க. அடிக்க வரலீங்க. மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

குரலை வைத்தே அடையாளம் தெரிந்துவிட்டது. உள்ளே போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "மீட்டிங்ல இருக்கறேன்னு சொல்லிடுங்க" என்றார். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

நான் கோமதியைக் கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன். டீயைத் தொடவில்லை. நடந்ததைச் சொன்னார்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஊர்த் திருவிழா. முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது பாட்டில் தேவி என்ற பாடகி தனியாக ஒரு வரியை இழுத்துப் பாடி நிறுத்துவாள்; அந்த நிறுத்தத்தில் கீபோர்டு வந்து சேர வேண்டும். கோமதி கையை வைத்தார். ஊளை. கூட்டம் சிரித்தது. மறுபடி அந்த வரி, மறுபடி கை, மறுபடி ஊளை. முன்வரிசை ஆட்கள் பதிலுக்கு ஊளையிட ஆரம்பித்தார்கள். தேவி மேடையிலேயே அழுதுவிட்டாள். இறங்கி வந்து, "எம்மேல என்ன கோவம் உங்களுக்கு, இப்படிப் பண்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். ஊர்ப் பெரியவர் ஒருவர், பொம்பளை கையில மிஷினைக் குடுத்தா இப்படித்தான் என்றார்.

"நான் சொன்னேங்க, மிஷின்லதான் கோளாறு, கம்பெனிக்குச் சொல்லியிருக்கறேன், பதில் வரட்டும்னு. முனிரத்தினம் அண்ணனும் சரி வரட்டும்னுதான் இருந்தாரு. உங்க பதில் வந்துது. வண்டியில எல்லாரையும் வெச்சிக்கிட்டு அத படிச்சாரு. படிச்சி அர்த்தமும் சொன்னாரு. அப்பறம் எங்கிட்ட ஒண்ணுமே பேசலைங்க. அடுத்த கச்சேரிக்கு வேற ஆள் வந்துட்டான்."

 பிறகு, "அந்த ஊர்க்காரன் சொன்னதையேதானுங்க நீங்களும் எழுதியிருக்கறீங்க. அவன் தமிழ்ல சொன்னான்" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை.

காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மேடை விளக்குகளின் சூடுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். நான் போய் மேலாளரிடம் சொன்னேன். அவருக்கு அது வசதியாகப் போயிற்று. "சூடா? சூட்டுல வெச்செல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. அடுப்பு மாதிரி பெட்டிக்குள்ள போட்டே பாத்தாச்சு. ஒண்ணும் ஆகல. அந்தம்மா சொல்ற காரணமே தப்பு மேடம். புகாரும் தப்புதான்."

இதை நன்றாகக் கவனியுங்கள். சூடு காரணமில்லை என்பதில் அவர் சொன்னது உண்மை. கோமதி நினைத்தது தப்புத்தான், பிறகு அதுவும் தெரிந்தது. ஆனால் வயிற்று வலி என்று வருகிறவர் மாங்காய் தின்றதால் வந்தது என்று சொன்னால், மாங்காயால் வராது என்று நிரூபித்துவிட்டு, உனக்கு வலியே இல்லை போ என்பாரா டாக்டர்? நாம் அதைத்தான் செய்தோம். இன்றும் செய்துகொண்டிருக்கிறோம். காரணம் சொல்வது வாசிக்கிறவரின் வேலை இல்லை. அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஹரீஷிடம் போனேன். அவர் எழுதிய மென்பொருள், அவருக்கு வலித்தது. "மேடம், இத்தனை பேர் பாராட்டியிருக்காங்க. ஒரே ஒருத்தங்கதான் குறை சொல்றாங்க" என்றார்.

"அந்த ஒருத்தங்கதான் மேடையில வாசிக்கறாங்க ஹரீஷ். மத்தவங்கல்லாம் எங்க வாசிக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

தெரியவில்லை அவருக்கு. எனக்கும் தெரியாது, யாருமே கேட்டதில்லை. கோமதியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். மனமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் வந்தார். அளவுக் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு தர்மபுரியில் என்னோடு பஸ் ஏறினார்.

கோமதியின் வீடு ஊருக்கு வெளியே, சுற்றிலும் தோட்டங்கள். கருவியை முன்னறையில் ஒரு பழைய மேசையின் மேல் வைத்திருந்தார். மேலே போர்த்தியிருந்த சேலையை எடுத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். சுத்தமாக ஒலித்தது. கையை எடுத்தார், வைத்தார். ஒன்றும் இல்லை. ஹரீஷ் என்னைப் பார்த்தார். கோமதி பெரிய விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து கருவிக்குப் பக்கத்தில் எரியவிட்டார். கருவியின் மேல்தகடு சுட்டது. சுருதி அசையவில்லை. வாசித்தார், நிறுத்தினார், வாசித்தார். ஒரு பிசிறு கிடையாது. ஹரீஷ் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஆள் வந்து பாக்கறப்ப மட்டும் நல்ல பேர் எடுக்குது பாருங்க. என்னை மட்டும் கெட்டவளாக்குது" என்றார்.

எனக்கே சந்தேகம் வந்தது என்றால் பொய்யில்லை. ஆனாலும், "மதியம் வரைக்கும் இருக்கறோம்மா" என்றேன். ஹரீஷ் மணியைப் பார்த்தார். சாப்பிட்டோம். ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார். தனக்கு மிகவும் கோபம் என்பதையும் போடும்போதே சொன்னார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது வெளியே எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. தோட்டங்களில் தண்ணீர் இறைக்க மும்முனைக் கரண்டு விட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி சோர்ந்து மெதுவாகியது. விளக்கு மங்கியது.

கோமதி சும்மா, பழக்கத்தில், போகிற போக்கில் சில சுரங்களைச் சேர்த்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மறுபடி அழுத்தினார்.

அந்தச் சத்தத்தை நான் குரல் பதிவில் கேட்டதில்லை, அவர் வாயால்தான் கேட்டிருந்தேன். இப்போது நேரில் கேட்டேன். காது சகிக்காத சத்தம் அது. ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு திசையில் இழுத்துக்கொண்டு அலறியது. ஹரீஷ் தண்ணீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மறுபடி வாசிங்க" என்றார். வாசித்தார். அலறியது. ஹரீஷ் பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்துச் செருகினார். மின்னழுத்தம் கீழே கிடந்தது. விஷயம் இதுதான்: கருவி மௌனத்தில் தன்னைச் சோதிக்கும்போது போதிய மின்சாரம் இல்லையென்றால் அளவு தப்பாக வரும், அந்தத் தப்பான அளவை நம் மென்பொருள் அப்படியே நம்பி, நன்றாக இருந்த சுருதியைக் கெடுத்து வைத்துவிடும். திருவிழாவில் சீரியல் விளக்கும் பெரிய ஸ்பீக்கரும் ஒரே ஜெனரேட்டரில் இழுத்தபோது நடந்ததும் இதுவே. பகலில் மண்டியில் இருப்பதால், மோட்டார் ஓடும் நேரத்தில் கோமதி வீட்டில் வாசிப்பதில்லை.

கோமதி எங்களைப் பார்த்தார். "கேட்டீங்களா?" என்றார். "ரெண்டு பேரும் கேட்டீங்கல்ல?"

"கேட்டோங்க" என்றார் ஹரீஷ்.

திரும்பும்போது பஸ்ஸில், பாலக்கோடு தாண்டியபின், ஹரீஷ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நம்ம லேப்ல ஸ்டெபிலைசர் போட்டிருக்கு மேடம்."

மறுநாள் மேலாளரிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. சரிசெய்து அடுத்த பதிப்பில் விடச் சொன்னார். குறிப்பில் 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார்.

"கோமதிக்கு என்ன பதில் சார்?" என்றேன்.

"அதான் சரிபண்றோமே."

"அவங்க தப்புன்னு எழுத்துல குடுத்திருக்கறோம். அதைக் காட்டித்தான் அவங்களை வெளியே அனுப்பியிருக்காங்க."

"நாம அனுப்பலையே மேடம். அது அவங்க குழு விவகாரம்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க வேணும்னா அந்த ஆள்கிட்ட வாய்வார்த்தையா சொல்லிடுங்க. எழுத்துல எதுவும் போவக்கூடாது. வெளிநாட்டுல விக்கிறவங்க பாத்தா நம்ம பேர் என்னாகும்?"

நான் பாலக்கோட்டுக்குப் போனேன். முனிரத்தினம் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருந்தார். மோசமான மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க மேடம், மிஷின் தப்புதான்னு ஒத்துக்கறேன். கோமதி நல்லா வாசிக்கற பொண்ணுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சுங்களே. ஊர்ல பேரும் கெட்டுப்போச்சு. இனிமே கூட்டி வந்து நிறுத்துனா ஜனம் சிரிக்கும். எனக்கும் பொழப்பு இருக்குதுங்களே."

அங்கிருந்து நேராக மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். கோமதி மண்டியில் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அழுகலை ஒரு பக்கம் எறிந்துகொண்டே கேட்டார்.

"அண்ணன் என்னா சொன்னாரு?"

"மிஷின் தப்புதான்னு ஒத்துக்கிட்டாரும்மா."

"எல்லார் முன்னாலயும் சொன்னாருங்களா, உங்ககிட்ட மட்டுமா?"

"என்கிட்ட மட்டும்தான்."

"அப்ப அது சொன்னதே இல்லீங்க" என்றார். அடுத்த தக்காளியை எடுத்துப் பார்த்தார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம் என்னைக் குடைந்தது. வண்டியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு படித்த பதிலுக்கு, ஒரு கடைக்குள் என் காதில் சொன்ன வார்த்தை எப்படி ஈடாகும்? மேலாளர் எனக்குக் கொடுத்த அனுமதி அவ்வளவுதான், காதில் சொல்வதற்கான அனுமதி. நம் கம்பெனியின் பொதுப் பின்னூட்டப் பக்கத்தில் கம்பெனி பெயரில் பதில் எழுதும் அதிகாரம் எனக்கு இருந்தது. யாரும் அதைப் பறித்திருக்கவில்லை, பறிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை, பாராட்டுகளெல்லாம் வரிசையாக நின்ற அந்தப் பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். இந்தப் பதிப்பில் கோளாறு இருக்கிறது, மின்னழுத்தம் குறைந்தால் சுருதியைக் கெடுக்கிறது, அது எங்கள் தவறு. இதைச் சொன்ன மாரண்டஹள்ளி கோமதிக்கு, தவறு உங்களுடையது என்று நாங்கள் பதில் அனுப்பினோம். அது பொய். அந்தப் பொய்யால் அவர் வாசித்த இடத்தை இழந்தார். கோமதியிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அவரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டுத்தான் பெயரைப் போட்டேன். "பேரை நல்லாப் பெருசாப் போடுங்க" என்றார்.

மதியத்துக்குள் மேலாளர் அதை நீக்கச் சொன்னார். அதற்குள் அதன் கீழே பதில்கள் வர ஆரம்பித்திருந்தன. ஏதோ ஒரு நாட்டில் படகில் வாசிக்கும் ஒருவர் தனக்கும் இதே நடந்தது, கருவிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து அதை விற்றே விட்டேன் என்று எழுதினார். தெருவில் பேட்டரியில் வாசிக்கும் பெண் ஒருத்தி, தன் விரல்கள்தான் தடுமாறுகின்றன என்று நினைத்துப் பல வாரம் வாசிப்பதையே நிறுத்தியிருந்தாள். அவர்களில் சிலர் நமக்குப் புகார் எழுதியவர்கள். தேடிப் பார்த்தேன். எல்லாம் மூடப்பட்டிருந்தன. எந்தப் பட்டனில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். நம்மைப் பாராட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நன்றாகவே இருந்தது. யாருக்குக் கெட்டுப்போனதோ அவர்களில் பெரும்பாலோர் நம்மைத் திட்டவில்லை, தங்களையே திட்டிக்கொண்டார்கள். திட்டுவதற்கு நம் அலுவலகம் வரை வந்தது கோமதி ஒருவர்தான். அவருக்குத்தான் நாம் கதவைச் சாத்தினோம்.

எனக்கு மெமோ வந்தது. கம்பெனியின் பெயருக்குக் களங்கம் என்று எழுதியிருந்தார்கள். பின்னூட்டப் பிரிவிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் பலகைகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அதனால்தான் உங்களில் பலருக்கு என்னைப் பெட்டி கட்டும் மேடமாகத் தெரியும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

பாடகி தேவி அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறாள். அடுத்த கச்சேரியில், அதே பாட்டுக்கு முன்னால், மைக்கைப் பிடித்து, "அன்னைக்குத் திருவிழாவில நான் கோமதி அக்காவ எல்லார் முன்னாலயும் கேட்டேன். தப்பு அவங்க மேல இல்ல. கம்பெனியே எழுதியிருக்குது. நான் கேட்டதும் தப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் பாடினாளாம். யாரோ கைப்பேசியில் எடுத்ததைக் கோமதி எனக்கு அனுப்பினார். பின்னால் நின்ற முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ ஒயரைச் சரிசெய்வது தெரிந்தது. அவர் கோமதியைத் திரும்ப அழைக்கவில்லை. பென்னாகரம் பக்கத்துக் குழு ஒன்று அழைத்தது. அங்கே கச்சேரி குறைவு, போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். அதில்தான் இப்போது வாசிக்கிறார்.

சரிசெய்த பதிப்பு தயாரானதும் ஹரீஷ் மாடியிலிருந்து பெட்டி கட்டும் இடத்துக்கு இறங்கி வந்தார். "வெளியிடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் மேடம்" என்றார். நான் கைப்பேசியில் கோமதியை அழைத்து, அவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"சரியாயிடுச்சுங்களா?" என்றார் கோமதி.

"ஆயிடுச்சுங்க. கரண்டு கம்மியானா சுருதியத் தொடாம விட்டுடும்" என்றார் ஹரீஷ்.

"கரண்டு கம்மியா இருக்கறப்ப வெச்சிப் பாத்தீங்களா?"

"பாத்தோங்க."

"எங்க?"

"ஆபீஸ்லதான். கரண்டைக் குறைச்சு விட்டுப் பாத்தோம்."

"நீங்களா குறைச்சது வேறைங்க. இங்க குறையறது வேற. ஒரு நிமிஷம் குறையும், ஏறும், மறுபடி குறையும், ஒரேடியாப் போயிட்டு வரும். இங்க வந்து பாத்துட்டு அப்பறம் எவனுக்கு வேணும்னாலும் குடுங்க." பிறகு, "அக்கா, உங்க மேலயும் இந்தத் தம்பி மேலயும் எனக்கு வருத்தம் இல்ல. உங்க கம்பெனி மேல இருக்குது. அது போவாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஹரீஷ், சரிசெய்த பதிப்பு ஏற்றி அடைக்க வைத்திருந்த பலகைகளில் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வாசலில் மேலாளர் எதிரே வந்து, இன்று மாலை வெளியீடு இருக்கும்போது எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார்.

"வெளியீடு இன்னைக்கு இல்ல சார்" என்றார் ஹரீஷ். "மாரண்டஹள்ளிக்குப் போறேன். மோட்டார் விடற நேரத்துக்குள்ள போய்ச் சேரணும்."